வயிற்றுக்குள் ஒரு வலம்புரி

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இதுதான்: மூச்சைப் பிடி, இறங்கு, அள்ளு, மேலே வந்து புரட்டிப் பார். வருவதெல்லாம் இடம்புரி. என்றைக்காவது ஒரு வலம்புரி சிக்கினால் ஊரே கூடிவிடும். இத்தனைக்கும் அந்தச் சங்கு ஒன்றும் சாதிக்கவில்லை. எந்தப் பக்கம் சுருள்வது என்பதில் தடுமாறிவிட்டது, அவ்வளவுதான். மனுஷன் தடுமாறினால் திட்டு விழும். சங்கு தடுமாறினால் பூஜை அறையில் இடம்.

1658இல் போர்ச்சுக்கீசியரை விரட்டிவிட்டு ஊரைப் பிடித்த டச்சுக் கம்பெனிக்கு இந்த பக்தியெல்லாம் கிடையாது. எண்ணு, மூட்டை கட்டு, வளையல் அறுக்க வங்காளத்துக்கு அனுப்பு. போதாக்குறைக்கு, நம் வலம்புரி ஐரோப்பியர் கணக்கில் 'இடது கைச் சங்கு'. வலது எது என்பதிலேயே தகராறு!

கம்பெனி இங்கே சங்கு எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் என்ற சுவிஸ் பையன் 1727இல் டாக்டர் பட்டம் வாங்கினான். அப்போது வயது 18. பிற்பாடு பிணம் பிணமாக அறுத்து ரத்தக்குழாய்களைப் படம் போட்டார். வயிற்றில் பெருந்தமனியிலிருந்து குட்டையாக ஒரு தண்டு கிளம்பி மூன்றாகப் பிரிகிறது: இரைப்பைக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று, மண்ணீரலுக்கு ஒன்று. அதற்கு 'ஹாலரின் முக்காலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயிறு நம்முடையது, முக்காலி அவருடையது.

முக்காலி விஷயத்தை எல்லா வயிறுகளுக்கும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. சிலருக்கு அது இரண்டு காலோடு நிற்கிறது. நூற்றில் ஒருவர் அளவில், குடலுக்குப் போகிற தமனியும் இதுவும் ஒட்டுக்குடித்தனமாக ஒரே தண்டில் கிளம்புகின்றன. இன்னும் சிலருக்குக் கல்லீரலின் வலப்பக்கத்து ரத்தம் குடல் தமனியிலிருந்து கிளம்பி, கணையத்துக்குப் பின்னால் பதுங்கி வருகிறது, டோல்கேட்டுக்குப் பயந்து உப்பளத்துப் பாதையில் வரும் லாரி மாதிரி. கணையத்தை அறுக்கப் போகிறவர் இது தெரியாமல் கத்தி வைத்தால், கல்லீரல் பட்டினி.

1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை வெட்டி எடுத்தார். மறுநாளே நோயாளி சுருட்டுப் பிடித்தாராம். அந்தப் புகையைப் பார்த்து ஊர் உலகத்து சர்ஜன்களெல்லாம் கத்தி தீட்டினார்கள். பித்தப்பைக்குப் போகும் பொடித் தமனியைக் கட்டி அறுப்பது இதில் ஒரு வேலை. சில வயிறுகளில் கல்லீரலின் வலது தமனி கம்பளிப்பூச்சி மாதிரி முதுகை வளைத்து அங்கே வந்து ஆள்மாறாட்டம் செய்கிறது. லீட்ஸ் நகர சர்ஜன் மாய்னிஹான் பெயரில் அந்தக் கூனல் இன்றும் பாடத்தில் இருக்கிறது. கூன் தமனிக்கு, பெயர் அவருக்கு. பாவம்!

அமெரிக்காவில் நிக்கோலஸ் மைக்கேல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து, கல்லீரல் தமனியை 1966இல் 10 வகையாகப் பிரித்தார். பாடப் புத்தகம் சொன்னபடி இருந்தவை ஏறக்குறைய 55 சதவீதம். கடலில் ஒரு வலம்புரிக்கு ஆயுள் முழுக்க முங்க வேண்டும்; வயிற்றிலோ இரண்டு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு வகையில் புத்தகத்துக்கு வெளியே நிற்கிறார்.

அதே தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பின்போது சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி' என்று ஒருவர் உண்டு. மந்திரம் சொல்வார், கூலியாகச் சிப்பி வாங்குவார். துரைமார்களும் அவரை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மந்திரத்தை மட்டும் நம்பியா முத்துக் குளிப்பு நடந்தது? முதலில் சிப்பி கிடக்கும் கடலடிப் பாரில் ஆளை இறக்கி, மாதிரிச் சிப்பி எடுத்து, திறந்து பார்த்து, தேறும் என்றால்தான் தேதி குறிப்பார்கள். சர்ஜன்களுக்கு அந்தப் புத்தி, ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் வந்த பிறகுதான் வாய்த்தது. கல்லீரல் மாற்று, கணைய ஆபரேஷன் என்றால் இன்று முதலில் படம், பிறகுதான் கத்தி.

உங்கள் வயிற்றிலும் ஒரு வலம்புரி இருக்கலாம். பூஜை அறையில் வைக்க முடியாது. ஸ்கேன் ஃபிலிமை வேண்டுமானால் பத்திரமாக வையுங்கள்.