படிக்கட்டுக்கு இடைஞ்சலானவர்கள்

மாட்சிமை பொருந்திய பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்தாருக்கு,

2022 மே மாதம் நீங்கள் வெளியிட்ட முடிவை இப்போது படித்தாலும் மெய்சிலிர்க்கிறது. லண்டன் கிரென்ஃபெல் டவருக்கு 24 தளங்கள், ஒரே படிக்கட்டு. 2017 ஜூன் 14 அன்று அங்கே 72 உயிர்களைத் தீ தின்றது. குடியிருந்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் மாண்டார்கள். தானாக இறங்க முடியாத ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் வகுத்து வையுங்கள் என்று 2019இல் விசாரணை ஆணையம் சொன்னது. நீங்களோ அந்த 2022 முடிவில், மூன்றே கேள்விகளில் அதை மடக்கினீர்கள்: தீயணைப்புப் படை வருமுன் இவர்களை எப்படி இறக்குவது? இதற்கு எவ்வளவுதான் செலவழிப்பது? இவர்கள் இறங்கினால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் ஆகாதா? மூன்றாவதுதான் மணிமகுடம். தீக்குள் நிற்பவரைப் போக்குவரத்து நெரிசலாகப் பார்க்க நீண்ட நிர்வாக அனுபவம் வேண்டும்.

செலவைப் பற்றிய கவலை பொய்யல்ல. இரவும் பகலும் ஆள் நிறுத்தினால் அந்தக் காசு குடியிருப்போர் தலையில்தான் விடியும். ஆனால் ஆணையம் கேட்டது ஆள்படையை அல்ல, திட்டத்தை. ஒருவருக்குப் படியில் ஆளை இறக்கும் வெளியேற்ற நாற்காலி போதும். இன்னொருவருக்கு எதிர்வீட்டுக்காரரின் சம்மதம். வேறொருவருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு அத்தகைய நாற்காலிகளை வாங்கி வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று, நடக்க இயலாத ஓர் ஊழியரை அதில் அமர்த்தி, சக ஊழியர்கள் பத்துப் பேர் 69ஆம் மாடியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அது அலுவலகம், பகல். இது வீடு, நள்ளிரவு என்பீர்கள். சரிதான். நள்ளிரவில் யோசிக்க நேரமிருக்காது என்பதால்தானே முன்கூட்டியே யோசிக்கச் சொன்னார்கள்? மாற்றாக நீங்கள் முன்வைத்தது, யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தீயணைப்புப் படைக்கு எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு. கிரென்ஃபெல்லில் சிக்கியவர்களும் தொலைபேசியில் மாடியையும் வீட்டு எண்ணையும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். விலாசத்துக்கு அன்று பஞ்சமில்லை.

நடக்காது என்று நீங்கள் சொன்ன அதே காரியத்துக்கு 2025இல் விதிகள் இயற்றப்பட்டன. அமலுக்கு வர அவற்றில் குறித்த நாள் 2026 ஏப்ரல் 6. 'நியாயமான அளவில்' என்ற உங்கள் செல்லச் சொல் அவற்றிலும் தொற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே தீப்பாதுகாப்புப் பொறுப்பு 2025 ஏப்ரலில் உங்களைவிட்டு வேறு அமைச்சகத்துக்குப் போனது. தானாக நடக்க முடியாத அத்தனை கோப்புகளும், யாருக்கும் இடைஞ்சலின்றி, பத்திரமாக வெளியேறியிருக்கும் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட் நின்றபின் படிக்கட்டை மட்டும் காட்டும் பலகைகளின் வாசகன்