எண்ணோடு வந்த கடன்

நான் இதுவரை தவணையில் ஒரு மிக்சிகூட வாங்கியவன் இல்லை. அதில் பெருமை ஒன்றும் இல்லை, வளர்ப்பு அப்படி. அப்பா கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியவர். கடன் வாங்கியவர்களின் முகங்களை மேஜைக்கு அந்தப் பக்கம் தினமும் பார்த்துப் பார்த்து, வீட்டுச் சாய்வு நாற்காலியைக்கூட ரொக்கம் கொடுத்துத்தான் வாங்கினார். அந்தப் பரம்பரையில் வந்த எனக்கு ஒரு மோட்டார் பைக், ஒரு 43 அங்குல டி.வி., 'அவசரத் தேவை' என்ற தலைப்பில் ஒரு தனிநபர் கடன் என்று மூன்று பாக்கி இருக்கிற விஷயம், புது சிம் போட்ட வாரத்தில்தான் தெரிந்தது.

சிம்தான் புதிது, எண் பழையது. நம் நாட்டில் ஒருவர் கைவிட்ட எண்ணை உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். குறைந்தது 90 நாள் ஆறப்போடுவார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் உச்ச நீதிமன்றத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறது. கடனுக்கும் ஒரு 90 நாள் உண்டு. தவணை தவறி 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். ஆகவே ஒருவர் தவணையையும் எண்ணையும் ஒரே சமயத்தில் விட்டிருந்தால், எண் ஆறி என் கைக்கு வருகிற நேரத்தில் கடன் பழுத்து வசூல் ஏஜென்சியின் கைக்குப் போயிருக்கும். பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணத்தில்கூட இவ்வளவு பொருந்தி வராது.

எனக்கு முன்னால் இந்த எண்ணை வைத்திருந்தவரின் பெயர் இப்போது என் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். இனிஷியல் தெரியும், அப்பா பெயர் தெரியும். அதை இங்கே எழுதுவது முறையல்ல. 'முன்னவர்' என்று வைத்துக்கொள்வோம்.

முன்னவரின் மூன்று கடன்களும் மூன்று வயதில் இருந்தன. வங்கிக்காரர்கள் தவறிய தவணைக்கு வயது வைத்திருக்கிறார்கள். 30 நாள் வரை ஒரு வகுப்பு, 31 முதல் 60 வரை அடுத்தது, 61 முதல் 90 வரை அதற்கும் அடுத்தது. எஸ்.எம்.ஏ. பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று பெயர். அதைத் தாண்டினால் வாராக்கடன். என்னைப் போல வெளியிலிருந்து கேட்பவனுக்கு இந்த எண்களெல்லாம் தேவையில்லை. குரலை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம்.

பூஜ்யத்தில் பேசுகிற பெண் தேன். "சார் வணக்கம், வேலையில மறந்திருப்பீங்க, ஒரு ஞாபகப்படுத்தலாம்னுதான்" என்பாள். ஒன்றில் அதே தேனில் லேசாகச் சுக்கு கலந்திருக்கும்: "ஒரு டேட் சொல்லுங்க சார், நான் நோட் பண்ணிக்கிறேன்." இரண்டுக்கு வந்தால் ஆண் குரல். 'சார்' உதிர்ந்துவிடும். "இப்ப எங்க இருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. வாராக்கடன் ஆனபின் பேசுகிறவர் தன்னை வக்கீல் ஆபீஸ் என்று சொல்லிக்கொள்வார். பின்னணியில் பத்துப் பதினைந்து வக்கீல் ஆபீஸ்கள் ஒரே ஹாலில் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருப்பது கேட்கும்.

இவர்கள் எல்லோரிடமும் நான் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "நான் அவர் இல்லை." உலகத்தில் நிரூபிக்கவே முடியாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

"அப்ப அவர் எங்க?"

"எனக்குத் தெரியாது."

"உங்க போன்லதானே பேசுறீங்க, அவரைத் தெரியாதுன்னா எப்படி?"

"எண் எனக்கு மாறி வந்திருக்கு."

"எல்லாரும் இதையேதான் சார் சொல்றாங்க."

இதற்குமேல் என்ன பேசுவது? உண்மையை எனக்கு முன்பே பொய்யர்கள் உபயோகித்துப் பழசாக்கிவிட்டார்கள். ஒருவர் பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். என் ஆதார் அட்டையைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் 'பரிசீலிப்பார்களாம்'. இன்று எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு அன்பு காட்டுகிறவர்களுக்கு நாளை முகவரியும் தெரிந்தால் நேரிலேயே வந்துவிடுவார்களே என்று அனுப்பவில்லை.

நடுவில் சில நாள் மனிதர்களுக்கு ஓய்வு கொடுத்து இயந்திரக் குரலை விட்டார்கள். "நான் பேசுவது இன்னாரிடமா? ஆம் என்றால் ஆம் என்று சொல்லுங்கள்." நான் தெளிவாக, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வதைப் போல, "இல்லை" என்றேன். "நன்றி. உங்கள் தவணையை இன்றே செலுத்தி அபராதத்தைத் தவிர்க்கவும்" என்றது. மனிதரோ இயந்திரமோ, பயிற்சி ஒன்றுதான் போலிருக்கிறது.

உண்மையில் பயிற்சி உண்டு. ரிசர்வ் வங்கி 2008-இல் வசூல் முகவர்களுக்கு வகுத்த விதிகளின்படி அவர்கள் 100 மணி நேரம் பாடம் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒருநாள் பூஜ்யத்துப் பெண்ணிடம் இதைப் பற்றி விசாரித்தேன். அவளுக்கும் அன்று என்னவோ பேசத் தோன்றியிருக்கிறது. தொழிலின் உள்கதையை அவள்தான் சொன்னாள். மாதம் பிறந்தால் 'அலகேஷன்': கடன்களைப் பங்கு பிரித்து ஏஜென்சிகளுக்குக் கொடுப்பார்கள். இந்த மாதம் இவள் என் எண்ணுக்கு எதிரே 'ராங் நம்பர்' என்று குறித்தாலும், அடுத்த மாதம் ஃபைல் வேறு ஏஜென்சிக்குப் போகும். அவர்கள் அச்சடித்த பட்டியலில் முதலிலிருந்து தொடங்குவார்கள். முதல் வாரம் மென்மையாகவும் மாசக் கடைசியில் புயலாகவும் அழைப்புகள் ஏன் வருகின்றன என்பதும் அன்றுதான் விளங்கியது. கடைசி வாரத்தில் அவர்களை அவர்களுடைய மேனேஜர் துரத்துகிறார்; அவர்கள் நம்மைத் துரத்துகிறார்கள்.

"ஒரு உதவி செய்வீங்களா சார்?" என்றாள் கடைசியில். "ஒரு பி.டி.பி. கொடுங்க."

பணம் கட்டுவதாகச் சொல்லும் வாக்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஒரு நாளைக்கு இத்தனை வாக்கு வாங்க வேண்டும் என்று கணக்காம்.

"நான் அவர் இல்லைன்னு உனக்கே தெரியுமேம்மா."

"தெரியும் சார். நீங்க கட்ட வேண்டாம். ஒரு தேதி மட்டும் சொல்லுங்க."

வாங்காத கடனுக்குக் கொடுக்காத பணத்தை எந்தத் தேதியில் தரமாட்டேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது.

போனில் மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் போர் மோட்டார் நின்றுபோய், பழக்கப்பட்ட மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. விடாமல் முயன்றபின் எடுத்து, "என்னவே, உயிரோடதான் இருக்கீரா? காயில் கட்டுன காசு என்னாச்சு?" என்றார். குரலைக் கேட்டதும் பதறி, "ஐயோ அண்ணாச்சி, நீங்களா! ட்ரூகாலர்ல அந்தாளு பேருல்லா வருது" என்றார். ஊருக்குள் நான் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் முன்னவர் போய் நிற்கிறார். அவர் பின்னால் நான் எட்டிப் பார்க்கிறேன். முன்னவர் எங்கள் தூத்துக்குடிக்காரர்தான் என்பதும், வஞ்சனையில்லாமல் எல்லோருக்கும் பாக்கி வைத்தவர் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

அதற்காக அவரைக் கெட்டவர் என்றும் சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு வருகிற மற்றச் செய்திகளும் எனக்குத்தான் வருகின்றன. ஊர்க் கோயில் கொடைக்கு வரி கேட்டு வரும். பள்ளியிலிருந்து பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வரும். "உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று ஒருநாள் வந்தபோது, என் மனைவி சமையலை நிறுத்திவிட்டு, "ஏங்க, புள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ, யார்ட்டயாவது கேளுங்களேன்" என்றாள். யாரிடம் கேட்பது? நான் அந்தப் பள்ளியைக் கூப்பிட்டு நம்பர் மாறியதைச் சொன்னேன். "அப்ப புது நம்பர் சொல்லுங்க சார்" என்றார்கள்.

கடன் வசூலில் நம் பக்கத்துக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்கோ போலோ அதை எழுதி வைத்திருக்கிறார். கடன்காரன் இன்று நாளை என்று இழுத்தடித்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். பணத்தைக் கொடுக்காமல், அல்லது ஈடு காட்டாமல், அவன் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் பணம் பாக்கி வைத்திருந்த மன்னரே குதிரைமேல் வந்துகொண்டிருந்தபோது, அந்த வியாபாரி குதிரையையும் சேர்த்து வட்டம் போட்டாராம். பணம் கைக்கு வரும்வரை மன்னர் குதிரையை நகர்த்தவில்லையாம். தான் நேரில் பார்த்தது என்கிறார் மார்கோ போலோ.

இந்த முறையில் கொடுமை இருக்கலாம், ஆள்மாறாட்டம் இல்லை. வட்டம் போடுகிறவன் உள்ளே நிற்கிறவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இன்றைய வட்டத்தைப் பத்து இலக்கங்களைச் சுற்றிப் போடுகிறார்கள். முன்னவர் வட்டத்தைத் தாண்டிப் போய்விட்டார். காலியாக இருந்த இடத்தில், சிம் கார்டோடு இலவசமாகக் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் போய் நின்றேன். கடன் ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு எண்ணைத் தேடத் தொடங்கியதால் வந்த வினை இது.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை தங்கமானது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது. ஓயாமல் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது. அவருடைய குடும்பத்தார், நண்பர்கள், சிபாரிசுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. இரவு எட்டரைக்குப் பேசிய வக்கீல் ஆபீசுக்கு இதைத் தேதியோடு ஒப்பித்தேன். சற்று மௌனம். பிறகு, "சார், நீங்க வக்கீலா?" என்று மரியாதையாகக் கேட்டார். அவர் வக்கீலாக இருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

ஆனால் அந்தச் சுற்றறிக்கையில் குடும்பத்தார் இருக்கிறார்கள், நண்பர் இருக்கிறார், சிபாரிசுக்காரர் இருக்கிறார். எண்ணுக்கு வாரிசாக வந்த என்னைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. புகார் செய்யலாம் என்று டி.வி. கடன் கொடுத்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், "உங்கள் கடன் கணக்கு எண்ணை அழுத்தவும்" என்றது. கடன் இல்லாததுதான் என் புகாரே. அவர்களிடம் குறை சொல்ல வேண்டுமானால் முதலில் கடன் வாங்கித் தகுதி பெற வேண்டும் என்று புரிந்தது. மறுமுனையில் கடைசியாகக் கிடைத்த பையனும், "கடன் வாங்குனவர் கம்ப்ளைன்ட் பண்ணினாத்தான் சார் எடுப்போம்" என்றான். அவரைத் தேடித்தானே தம்பி நீங்கள் என்னைக் கூப்பிடுகிறீர்கள்?

இதற்கும் மருந்து இருப்பது பிறகுதான் தெரிந்தது. துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைத் தொலைத்தொடர்புத் துறை வெளியிடுகிறது. அதைப் பார்த்து வாடிக்கையாளர் விவரங்களைச் சுத்தம் செய்யுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவைக் குறிப்பிட்டு, எண் எனக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதற்குத் தொலைபேசி நிறுவனத்தின் கடிதத்தையும் இணைத்து, மூன்று நிறுவனங்களின் குறைதீர்ப்பு அதிகாரிகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன். போனில் கத்தியதற்கு அசையாதவர்கள் அந்த ஒரு வரிக்கு அசைந்தார்கள். டி.வி. நின்றது. 'அவசரத் தேவை' மன்னிப்புக் கேட்டு, அதே மின்னஞ்சலின் அடியில் எனக்குக் குறைந்த வட்டியில் கடன் வேண்டுமா என்றும் கேட்டிருந்தது. பைக்காரர்கள் மட்டும், "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று எழுதிவிட்டுத் தொடர்ந்து கூப்பிட்டார்கள்.

பிறகு அதுவும் ஒருநாள் தானாக நின்றுபோனது. அதற்குப் பதிலாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் இருசக்கர வாகனக் கடன் முழுமையாக அடைக்கப்பட்டது. தடையில்லாச் சான்றை எங்கள் கிளையில் பெற்றுக்கொள்ளவும்." முன்னவர் எங்கோ இருந்து கட்டி முடித்திருக்கிறார்! வீட்டில் செய்தியைச் சொன்னேன். மனைவி சாமி படத்துக்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தாள்.

அப்போதுதான் ஒரு கவலை. சான்று தயாரென்ற செய்தி எனக்கல்லவா வந்திருக்கிறது. அதை வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தால்தான் ஆர்.சி.யிலிருந்து பைனான்ஸ் பெயர் நீங்கும். இல்லாவிட்டால் நாளை வண்டியை விற்கப் போகும்போது மனிதர் முழிப்பார். எப்படியாவது அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மெக்கானிக்கிடம் விசாரித்தேன்.

"நம்பர் இருக்கு அண்ணாச்சி, எழுதிக்கிடுங்க" என்றார். முதல் ஐந்து இலக்கம் எழுதும்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் மனம் நோகாமல் பத்தையும் எழுதி முடித்தேன்.