பூர்வீகம் கேட்காத கனவான்கள்

குருவிகுளம் பக்கம் கறவை மாடு பிடிக்கப் போனால், பல்லைப் பார்ப்பதற்கு முன்பே "எந்தூரு மாடு, யாரு கை மாறி வந்துச்சு?" என்று குடைந்துவிடுவார்கள். தரகர் வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பவரை ஊரே கேலி பேசும்.

கான்பெராவில் அந்த வழக்கம் இல்லை போலும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலில் களவுபோன சோழர்கால நடராசரை, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். கூடவே 'ப்ரொவனன்ஸ்' என்ற பூர்வீகப் பத்திரம்: சூடான் தூதரக அதிகாரி ஒருவர் 1970 வாக்கில் டெல்லியில் வாங்கினாராம். ஏன் 1970? பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கடத்துவதைத் தடுக்கும் பழம்பொருள் சட்டம் வந்தது 1972-ல். மோசடிக்காரனுக்குத்தான் சட்டம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது!

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படமோ வேறு கதை சொன்னது. 'டெல்லியில் விலைபோய்'ப் பல்லாண்டு கழித்தும் சுவாமி கோயிலுக்குள்ளேயே நின்றிருக்கிறார்.

நம்ம கல்லிடைக்குறிச்சி நடராசரும் சளைத்தவரல்ல. 1982-ல் காணாமல்போய், 2001-ல் அடிலெய்டு கலைக்கூடத்தில் குடியேறி, 2019-ல் ஊர் திரும்பினார்.

ஸ்ரீபுரந்தன்காரர் 2014-லேயே நாடு திரும்பிவிட்டார். போய்ச் சேர்ந்தது சொந்தக் கோயிலுக்கு அல்ல, கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்துக்கு. வழக்கின் சான்றுப்பொருள் ஆயிற்றே!