விசைப்படகுப் படுக்கையியல்: ஒரு முன்னாய்வு

உறக்கத்தைப் பற்றி எழுதியோர் யாவரும் தரை அசையாது என்று கொண்டே எழுதினர். வடக்கே தலை வைத்துப் படுக்கலாகாது என்பார் பெரியோர். வலையோடு சேர்ந்து சுற்றும் படகில் வடக்கு எந்தப் பக்கம் என்று அவர்களுள் ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு. இதன் எல்லை, தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் விசைப்படகு. சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கும் இப்படகுகளில் பத்துப் பேருக்குக் குறையாமல் உறங்குவர். உறங்க முயல்வர் என்பதே துல்லியம்.

படகில் இடம் பங்கிடும் முறையை முதலில் நோக்குக. எஞ்சினுக்கு ஓர் அறை, டீசலுக்குத் தொட்டி, வலைக்குத் தளம், மீனுக்கோ சுவரெல்லாம் காப்பிட்டு ஐஸ் நிரப்பிய குளிரறை. இவை போக மிஞ்சிய மூலையே மனிதனுக்கு. அம்மூலை பெரும்பாலும் எஞ்சினுக்கு மேலோ அடுத்தோ அமையும். செத்த மீன் குளிரிலும் உயிருள்ள மனிதன் வெக்கையிலும் கிடப்பது முறையோ எனின், சந்தையில் எடை போடப்படுவது எது என்று பார்த்து அமைக.

இனி இத்துறையின் தலையாய விதி: காற்று உள்ள இடத்தில் ஆட்டம் உண்டு, ஆட்டம் அடங்கிய இடத்தில் காற்று இல்லை. படகின் முன்முனையாகிய அணியத்தில் படுத்தவனுக்குக் காற்று கிடைக்கும். ஒவ்வோர் அலைக்கும் பலகையை விட்டு எழும்பவும் கிடைக்கும். நடுப்படகு ஊஞ்சலின் அச்சுப்போல் ஏறக்குறைய நிலையானது. ஆனால் அங்கே எஞ்சின் முன்பே படுத்திருக்கிறது. இவ்விதிக்கு விலக்குக் கண்டவர் இல்லை. ஆகவே நடுவில் படுத்துக்கொண்டு காற்றை அழைத்துவருவதா, அணியத்தில் படுத்துக்கொண்டு உடம்பைக் கட்டிப்போடுவதா என்பதே வினா. இரண்டுக்கும் செலவு குறைந்த வழி உண்டு.

படுக்கையின் அளவு பற்றி உலகில் ஒருமித்த கருத்தில்லை. 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள மீன்பிடிக் கலங்களில் படுக்கை 198 செ.மீ. நீளமும் 80 செ.மீ. அகலமும் உடையதாதல் வேண்டும் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2007ஆம் ஆண்டு ஒப்பந்தம். பழைய ஆங்கிலக் கடற்படையோ ஒரு மாலுமியின் தொங்குதுணிக்கு 14 அங்குல அகலமே அளந்து கொடுத்தது. பாதிப் பேர் எப்போதும் காவலில் இருப்பதால் அது 28 அங்குலம் ஆகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அடுத்தவன் விழித்திருப்பதையே மெத்தையாக்கிய நிர்வாகத் திறனை வியவாமல் இருக்க இயலாது. அந்தத் தொங்குதுணியும் அவர்கள் கண்டதன்று. 1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவு மக்களிடம் கண்டது.

நம் படகில் உள்ளது ஒட்டுப்பலகை, அதன்மேல் பஞ்சு மெத்தை. ஒட்டுப்பலகையின் குற்றம், அது மூச்சு விடாதது. மேலிருந்து இறங்கும் வியர்வை மெத்தையைக் கடந்து பலகையில் முட்டி அங்கேயே தங்கிப் பூசணம் பூக்கும். போதாததற்கு உடம்பிலும் கைலியிலும் ஒட்டிய உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துவந்து சேர்க்கும். உப்புப் போக அலசலாமே எனின், குடிதண்ணீரை எண்ணிச் செலவழிக்கும் இடத்தில் அந்த யோசனையை வாய்விட்டுச் சொல்பவன் கரை சேர்வது ஐயம்.

மருந்து எளிது. பலகையை எடுத்துவிட்டுச் சட்டத்தில் பழைய வலைக்கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் பின்னினால் கயிற்றுக்கட்டில். நாள் முழுதும் வலை பொத்தும் கைகளுக்கு இது ஒரு மாலை வேலை. கயிறு கைவசம் உள்ளதே. கீழிருந்து காற்று வரும். சற்றே தொய்வதால் உடம்பு உருளாது. பலகையை விட மனமில்லாதவர் அதில் துளைகள் போட்டு, மெத்தைக்கு அடியில் கயிற்றுப்பாய் விரிக்கலாம். அணியத்தில் படுப்போர் திறந்த பக்கத்தில் வலைத்துண்டு ஒன்றை இழுத்துக் கட்டுக. மீன் தப்பாத வலையில் மனிதனும் தப்பான். தலைமாடு அணியத்துக்கா, பின்முனையாகிய அமரத்துக்கா என்று இரு கட்சி உண்டு. படகின் குறுக்கே மட்டும் படுக்காதிருப்பதில் இரண்டும் உடன்படும். குறுக்கே படுத்தவனுக்கு ஒவ்வோர் உருட்டலிலும் காலும் தலையும் முறை வைத்து மேலே போகும்.

காற்றைப் பற்றிய ஆராய்ச்சி பழையது. 1741இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், கப்பலின் அடித்தளத்துக்குக் காற்றேற்றப் பெரிய துருத்திகளை முன்மொழிந்தார். அவற்றை இயக்க ஆட்கள் வேண்டும். வெந்து கிடப்பவனுக்குக் காற்று வர, இன்னொருவன் வியர்க்க வேண்டும். அதே காலத்தில் சாமுவேல் சட்டன் என்பவர் சமையல் அடுப்பின் நெருப்பைக் கொண்டே கெட்ட காற்றை உறிஞ்சி வெளியேற்றலாம் என்றார். பாதிரியார் காற்றைத் தள்ளினார், சட்டன் இழுத்தார். என் தீர்ப்பு சட்டன் பக்கம். காற்று போக வழியிருந்தால்தான் காற்று வரும். ஒரே ஒரு சன்னலை எவ்வளவு அகலத் திறந்தும் பயன் குறைவு.

ஆகவே வீல்ஹவுஸ் கூரையில் இரண்டு பிளாஸ்டிக் வளைகுழாய்கள் பொருத்துக: ஒன்று அணியம் நோக்கி, மற்றது அமரம் நோக்கி. 4 அங்குலக் குழாய் ஒன்று 2 அங்குலக் குழாய் நான்குக்குச் சமம், இரண்டுக்கன்று. சிக்கனம் கருதிக் குழாயைச் சிறிதாக்கியவர் பலர் இங்கே வழுக்கினர். அலை தெறித்து நீர் புகுமே எனின், அதற்கு விடை 'டொரேட்' என்னும் பாய்மரப்படகில் உண்டு. 1931இல் அட்லாண்டிக் கடக்கும் பந்தயத்தை வென்ற அப்படகின் பெயராலேயே, ராட் ஸ்டீபன்ஸ் வகுத்த காற்றுப்பெட்டி இன்றும் வழங்குகிறது. பெட்டியின் மேலே ஒரு காற்றுவாய். அறைக்குள் இறங்கும் குழாய் அதற்கு நேர்கீழே இராமல் விலகி, பெட்டித் தரைக்குச் சில அங்குலம் மேலே எழுந்து நிற்கும். காற்று அதில் ஏறி உள்ளே இறங்கும்; ஏற மாட்டாத நீர் ஓரத்து ஓட்டை வழியே வடிந்துபோகும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியிலும் இதைச் செய்யலாம்.

வலை அணியத்தில் கட்டியிருக்கையில் படகு காற்றை எதிர்த்தே நிற்கும். அப்போது கூரைவாயிலில் ஒரு தார்ப்பாய்த் துண்டை வாய் பிளந்து கட்டினால் போதும். காற்றே இல்லாத இரவுக்குக் கணினிக்குள் இருக்கும் 12 வோல்ட் சிறுவிசிறி உதவும்; அது ஏறக்குறைய 0.2 ஆம்பியர் தின்னும். அதையும் வெளியே ஊதும்படி வைக்க வேண்டும் என்பது சட்டன் மரபு. ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டா: உள்வாங்கும் குழாய் எஞ்சின் புகைபோக்கிக்கு அருகே இருத்தல் ஆகாது. அந்தப் புகை உறங்குபவனை எழுப்பாமலே கொல்ல வல்லது.

இவ்வேலைகளுக்குக் காலம், மேற்குக் கரையின் தடைக்காலமாகிய ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது எல்லாரும் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருப்பதால், படகின் வெக்கையை நினைவூட்ட ஒருவரை நியமித்தல் நலம். படகை ஓட்டும் ஸ்ராங்கின் படுக்கை ஏன் எப்போதும் சன்னலோரம் என்பது இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானது. குறட்டை காற்றோட்டத்தில் அடங்குமா ஒலியியலில் அடங்குமா என்பது தீரவில்லை. எஞ்சின் ஓடும்வரை அந்த வினா எவர் காதிலும் விழுவதில்லை.