படுத்தால் பணம்

மதுரையில் மூட்டுவலிக்கு டாக்டர் யார் என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பிலேயே மூன்று பேர் வழி சொல்வார்கள். ஒருவர் கூடவே வந்து டோக்கனும் போட்டுத் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று கேட்டுப் பாருங்கள். ஓர் அடி தள்ளி நின்று, “யாருக்கு சார்?” என்பார்கள். “எனக்குத்தான், ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது” என்றதும், “வீட்டுல ஏதும் பிரச்சினையா?” என்று ஆசையாக நெருங்கி வருவார்கள்.

போர்டுகளுக்குக் குறைவில்லை. மைண்ட் ஹீலர், லைஃப் கோச், ஆழ்மன நிபுணர் என்று மாடிக்கு மாடி தொங்குகின்றன. ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்த நம்பரைக் கேட்பது நம் உரிமை. ஓரிடத்தில் கேட்டேன். “நம்பரா? நியூமராலஜியும் பாக்குறோம் சார்” என்றார்கள். படியிறங்கிவிட்டேன்.

ஒருவழியாகப் பதிவெண் உள்ள ஓர் அம்மாள் கிடைத்தார். மாத்திரை எழுத மாட்டார். அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை. வாரம் ஒருநாள், முக்கால் மணி நேரம் பேச்சு. ஃபீஸைக் கேட்டதும் இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தத் தெம்பில் போன் போட்டேன்.

“கவர் ஆகும் சார்” என்றது தேன் குரல். “24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்கணும்.”

“எனக்கு உக்காந்து பேசுறதுதாம்மா வைத்தியமே.”

“அது ஓபிடி சார். உங்க பாலிசில இல்ல.”

“24 மணி நேரமும் உக்காந்து பேசுனா?”

“லைன்ல இருங்க சார், சூப்பர்வைசர்கிட்ட கேக்குறேன்.” அதன்பிறகு வெகுநேரம் புல்லாங்குழல்தான் கேட்டது.

ஓபிடி தரும் பாலிசிகளும் உண்டு, பிரீமியம் கூடுதல். பைசா செலவில்லாமல் பேச, 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஏஜென்ட், என் அத்தை மகன், வேறு யோசனை சொன்னான்: “பேசாம ரெண்டு நாள் படுத்துருங்க மாப்ள. ஏசி ரூம், மூணு வேளை சாப்பாடு, எல்லாம் கேஷ்லெஸ்.”

“தூங்க முடியாதவன் படுத்து என்னடா பண்றது?”

“தூங்கணும்னு பாலிசில எங்கயும் போடல மாப்ள.”

கைக்காசைக் கட்டித்தான் அந்த அம்மாளிடம் போய் உட்கார்ந்தேன். நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தூக்கம் வந்தால்தான் கட்டிலுக்குப் போக வேண்டும். வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து வேறு அறையில் உட்கார வேண்டும். பகலில் சாயவே கூடாது. தூக்கமின்மைக்கு உலகமெங்கும் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதானாம்.

அத்தை மகனிடம் சொன்னேன். பதறிவிட்டான். “படுக்கக் கூடாதுன்னு சீட்டுல எழுதியா குடுத்துருக்காங்க? அதை யார்கிட்டயும் காட்டிராதீங்க மாப்ள!”