ஆயுள் காவல்

அமெரிக்க முன்னாள் அதிபர்களுக்கு 1965 முதல் ஆயுள் முழுக்கக் காவல். 1994-இல் அதைப் பத்தே ஆண்டாக வெட்டினார்கள். கையெழுத்துப் போட்டவர் கிளிண்டன். ஆனால் 1997-க்கு முன் பதவியேற்றவர்களை அந்தச் சட்டம் தொடாதாம். மனிதர் தப்பித்தார்! 2013 ஜனவரியில் ஒபாமா, பழையபடி ஆயுளுக்கும் என்று கையெழுத்திட்டார். பரிமாறுகிறவர் தம் இலையை மறப்பாரா?

பிள்ளைகளுக்கு மட்டும் 16 வயது வரைதான். கேக் வெட்டி முடிந்ததும் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் கிளம்பவேண்டியதுதான். அதிபரின் மனைவி மறுமணம் செய்துகொண்டால், அப்புறம் புது மாப்பிள்ளைதான் காவல்.

1985-இல் அரசுக் காவலே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த முன்னாள் அதிபர் நிக்சன். ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் பதவியிழந்தவருக்கு, காதில் ஒயர் மாட்டிய ஆட்களைக் கண்டாலே ஒரு மாதிரி இருந்திருக்கும்.