ஆடி நோம்பிக்கு வந்துராத, கண்ணு

ஆடி ஒண்ணாந்தேதி தேங்கா சுடறதுக்கு அறிவியல் காரணம் என்னன்னு கேட்டியாமே, உங்கம்மா சொன்னா. ஆபீசுல பேசோணுமாம். நல்ல கேள்விதான் கண்ணு. நானும் பல்லு மொளைச்ச நாள்ல இருந்து தின்னுட்டுத்தான் இருக்கறேன், காரணம் கேக்கோணும்னு தோணவே இல்ல. வாய் நெறையத் தேங்காயை வெச்சுக்கிட்டு எப்படிக் கேக்கறது?

ஆனா ஆபீசுல உன் மானம் போயிறக்கூடாது. எழுதிக்க. தேங்கா ஓட்டுல இருக்கற ஏதோ ஒரு சத்து, நெருப்பு பட்டதும் எள்ளோட வெல்லத்தோட கலந்து மழைக்கால நோயெல்லாம் ஓட்டிருதுன்னு சொல்லிரு. எங்க படிச்சேன்னு எவனாவது நோண்டினா, ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ன்னு ஒரு வரியைப் போடு. அதுக்குமேல எவனும் வாயத் தொறக்கமாட்டான். வாட்சப்புல பாதி சாஸ்திரம் அப்படித்தான் ஓடிட்டு இருக்குது.

பெரியவங்க சொன்ன காரணம் வேற. பாண்டவங்களுக்கும் கௌரவங்களுக்கும் சண்டை ஆடி 1-ல தொடங்கி 18-ல முடிஞ்சுதாம். தர்மம் செயிக்கோணும்னு மொத நாளே பிள்ளையாருக்குத் தேங்கா சுட்டு வெச்சாங்களாம். சண்டை நடந்தது வடக்க குருச்சேத்திரத்துல. தேங்கா சுடறது சேலம், நாமக்கல், கரூர், ஈரோடுன்னு நம்ம காவேரிக்கரைப் பக்கத்துல. அங்க அவனவன் அம்பு உட்டுட்டு இருந்தப்ப, இங்க நாம தேங்காய்க்குள்ள வெல்லம் அடைச்சுட்டு இருந்திருக்கறோம். எவ்வளவு வெவரமான சனம் பாரு!

செய்யற வெதத்தையும் கேட்டுக்க, செஞ்சு மட்டும் பாத்துராத. முத்தின தேங்காயா எடுத்து, நாரையெல்லாம் உரிச்சு, கல்லுல தேச்சுத் தேச்சு மொழுமொழுன்னு ஆக்கோணும். தோள்பட்டை கழண்டு போகும். மூணு கண்ணுல ஒண்ணைத் தொறந்து தண்ணிய வடிச்சுக்கிட்டு, அது வழியா பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள்ளு, அவல், நுணுக்குன வெல்லம் எல்லாம் கொஞ்சங்கொஞ்சமாத் திணிக்கோணும். வடிச்ச தண்ணில கொஞ்சத்தை மறுபடி ஊத்தி, சீவுன அழிஞ்சிக் குச்சியால கண்ணை இறுக்கி அடைச்சு, மஞ்சளைப் பூசி, வாசல்ல தீ மூட்டித் திருப்பித் திருப்பிச் சுடோணும். ஓடு கருகிப் படார்னு வெடிச்சா பதம். பிள்ளையாருக்குக் காட்டிட்டு ஒடைச்சா, உள்ள பருப்பும் வெல்லமும் தேங்காயோட ஒட்டி வெந்து கெடக்கும். அந்த வாசத்துக்கு எந்த அறிவியல்ல காரணம் சொல்லுவே? உன்ற அப்பார்ட்மெண்டு பால்கனியில சுட்டயின்னா, பிள்ளையாரு வர்றதுக்கு முன்னாடி செக்யூரிட்டி வந்துருவான்.

புதுசாக் கண்ணாலம் ஆனவங்களை ஆடியில பிரிச்சு வெக்கறதைப் பத்தியும் பேசப்போறயாமா? ஆடியில கரு தங்குனா சித்திரை வெயில்ல கொழந்தை பொறக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாதுன்னு ஊரே சொல்லுது. நான் சித்திரையில பொறந்தவன், உருகியா போயிட்டேன்? எனக்குத் தோணுறது வேற. ஆடிப்பட்டம் தேடி வெதைக்கோணும். வெதைக்கற காலத்துல மாப்பிள்ளைப் பய ஊட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்தா ஏரை எவன் புடிக்கறது? அந்தப் புள்ளையும் ஒரு மாசம் மாமியா மூஞ்சியில முழிக்காம அம்மா ஊட்டுல தூங்கி எந்திரிக்கும். இப்ப உங்களுக்கு ஏருமில்ல, மாமியாளும் தனியா இருக்கறா. கண்ணாலம் நடக்காத மாசத்துல காத்தாடிட்டுக் கெடந்த ஜவுளிக்கடைக்காரந்தான் தள்ளுபடி போட்டு ஆடிக்கே பூசாரி ஆயிட்டான்.

18-ம் பெருக்கு சங்கதி இன்னும் வேடிக்கை. முன்னெல்லாம் குடகு மலையில மழை பேஞ்சா இங்க காவேரி பெருகும். 1934-ல மேட்டூர் அணையைக் கட்டி முடிச்சதுக்குப் பொறவு, குடகுல பேஞ்சா மட்டும் போதாது, மேல இருக்கறவங்க மனசு வெக்கோணும், அப்பறம் மேட்டூர்ல மதகைத் தொறக்கோணும். ஜூன் 12-ல தொறக்கறது வழக்கம், அணையில தண்ணி இருந்தா. இல்லாத வருசம் போர்த் தண்ணிய தலையில தெளிச்சுக்கிட்டு ‘காவேரித் தாயே’ன்னு கும்பிடோணும். அணை 120 அடி நெரம்பி வழியற வருசம் போலீஸ்காரன் கயித்தைக் கட்டி, ஆத்துல எறங்காதேம்பான். தண்ணி இல்லீன்னாலும் குளிக்க முடியாது, இருந்தாலும் குளிக்க முடியாது.

அதுக்காகப் பொம்பளைங்க உட்டுருவாங்களா? மொளைப்பாரியத் தூக்கிக்கிட்டு, மஞ்சக்கயிறு, காதோலை கருகமணி, சித்ரான்னமெல்லாம் கட்டிக்கிட்டு மோகனூர்க் கரையில கும்பல் கும்பலா உக்காந்திருப்பாங்க. அந்தப் பாரி எந்த ஊட்டுல செழிப்பா வந்திருக்குதுன்னு உங்க அம்மாயி ஒரு கண்ணு ஓட்டுவா பாரு! எவ ஊட்டு வெதை நல்ல வெதைன்னு அவளுக்கு அப்பவே தெரிஞ்சு போயிரும். வேளாண்மை ஆபீசரு கூட அவ்வளவு வெரசாச் சொல்லமாட்டாரு.

ஸ்ரீரங்கத்துல ரங்கநாதரே அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு வர்றாரு. தங்கச்சி காவேரிக்குச் சீலை, தாலி, மங்கலப் பொருளெல்லாம் சீரா யானை மேல வெச்சுக் கொண்டாந்து ஆத்துல உடறாங்க. வருசம் பூராப் படுத்துக்கெடக்கற சாமியே தங்கச்சிக்குச் சீரு செய்யறதுக்கு எந்திரிச்சு வருது. நீ கட்டிக் குடுத்த உன்ற தங்கச்சிக்குப் போன ஆடிக்கு என்ன பண்ணுன? போன்ல நூறு பூப்படம் அனுப்புனியாமா. அதைக் கட்டிக்கிட்டு அவ எங்க போறது?

ஆனதுனால நோம்பிக்கு வந்துராத கண்ணு. வந்தா சீலை எடுக்கோணும், செலவு. என்னது? டிக்கெட்டுப் போட்டுட்டியா? சரி, வந்து தொலை. ஆனா இப்பவே பேசி முடிச்சுக்குவோம். நாரு உரிச்சுக் கல்லுல தேக்கறது உன் வேலை. கண்ணைத் தொறந்து தண்ணி குடிக்கறது என் வேலை.